கண்ணில் பட்ட பிழை எப்படிக் கைநழுவுகிறது? ஹப்பிள் முதல் சந்திரயான் வரை

ஒரு ராக்கெட் விழுந்தாலோ, விண்கலத்தோடு தொடர்பு அறுந்தாலோ, சில மாதங்கள் கழித்து விசாரணைக் குழுவின் அறிக்கை வரும். அதில் பெரும்பாலும் இந்தப் பொருளில் ஒரு வரி இருக்கும்: கோளாறுக்கான அறிகுறி முன்பே தென்பட்டிருந்தது. செய்தியில் அதைப் படிக்கிறவர்களுக்குக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தெரிந்தும் மறைத்தார்களா? இல்லை, இவ்வளவு படித்தவர்களுக்கு இதுகூடத் தெரியாமல் போனதா?

அறிக்கைகளை முழுதாகப் படித்தால் பெரும்பாலான நேரங்களில் இந்த இரண்டுமே விடை இல்லை என்று தெரிகிறது. பிழை கண்ணில் படுகிறது. பட்ட உடனேயே அதற்கு நியாயமாகத் தோன்றும் ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது. விளக்கம் கிடைத்த பிறகு அதை யாரும் பிழையாகப் பார்ப்பதில்லை. அந்த விளக்கம் எங்கிருந்து வருகிறது, அறிவும் அனுபவமும் உள்ளவர்கள் அதை ஏன் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

## முதலில் மூன்று சொற்கள்

1. முரண்: எதிர்பார்த்த அளவுக்கும் கிடைத்த அளவுக்கும் இடையிலான வேறுபாடு. எல்லா முரணும் பழுது அல்ல. கருவி தவறாகக் காட்டியிருக்கலாம், எதிர்பார்ப்பே தப்பாக இருந்திருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கும்வரை அது முரண், அவ்வளவுதான்.

2. சார்பற்ற சரிபார்ப்பு: ஒரே பொருளை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகளில் அளப்பது. ஒரே கருவியால் நூறு முறை அளந்தாலும் அது சார்பற்ற சரிபார்ப்பு ஆகாது. கருவியில் பிழை இருந்தால் நூறு முறையும் அதே பிழைதான் வரும்.

3. முழுமைச் சோதனை: பாகங்களைத் தனித்தனியே சோதிக்காமல், பொருத்தி முடித்த முழு அமைப்பையும் அது உண்மையில் வேலை செய்யப்போகும் நிலைமையில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது.

## ஹப்பிள்: மூன்று கருவிகளில் இரண்டு சொன்ன உண்மை

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1990 ஏப்ரல் 24 அன்று டிஸ்கவரி விண்ணோடத்தில் ஏறியது. இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை, படங்கள் மங்கலாக இருப்பது உறுதியானது. ஜூன் 27 அன்று நாசா அதை வெளிப்படையாக அறிவித்தது. ஒரு விண்மீனின் ஒளியில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஒரு சிறு புள்ளிக்குள் குவிந்திருக்க வேண்டும். குவிந்ததோ சுமார் 15 விழுக்காடு. மீதி ஒளி அதைச் சுற்றி மங்கலான வட்டமாகப் பரவிக் கிடந்தது.

இதன் பெயர் கோளப் பிறழ்ச்சி. ஆடியின் நடுப்பகுதியில் பட்ட ஒளி ஓர் இடத்திலும் ஓரத்தில் பட்ட ஒளி வேறோர் இடத்திலும் குவிவது. ஹப்பிளின் 2.4 மீட்டர் முதன்மை ஆடி, ஓரத்தில் இருக்க வேண்டியதைவிட 2.2 மைக்ரான் அதிகமாகத் தட்டையாக இருந்தது. தலைமுடியின் தடிமனில் இது ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் அந்த ஆடியின் மேற்பரப்பு சுமார் 10 நானோமீட்டர் வரை வழவழப்பாகத் தேய்க்கப்பட்டிருந்தது. ஒரு மைக்ரான் என்பது ஆயிரம் நானோமீட்டர். அந்தக் கணக்கில் 2.2 மைக்ரான் என்பது இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட பிழை. அவ்வளவு கவனமாகத் தேய்த்தவர்கள் இவ்வளவு பெரிய பிழையை எப்படி விட்டார்கள்?

அதற்கு, ஆடியை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். தேய்க்கும்போது ஆடியின் வடிவத்தை ஒளியைக் கொண்டுதான் பார்ப்பார்கள். ஒளிக்கற்றை ஒன்றை அனுப்பி, ஆடியில் பட்டுத் திரும்பி வரும் ஒளியோடு அதை மோதவிட்டால் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தோன்றும். ஹப்பிளின் ஆடி கோளத்தின் துண்டு அல்ல, ஓரம் நோக்கிப் போகப் போக வளைவு மாறும் வடிவம். அதனால் நடுவில் நல் கரெக்டர் (null corrector) என்ற துணைக்கருவியை வைப்பார்கள். ஆடி மிகச் சரியான வடிவத்தை அடைந்தால் மட்டும் பட்டைகள் நேராகத் தெரியும்படி அது ஒளியை மாற்றி அனுப்பும். பட்டைகள் நேராகும்வரை தேய்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஆக, ஆடியின் வடிவத்தைத் தீர்மானிப்பது அந்தத் துணைக்கருவி. அதில் தவறு இருந்தால், அந்தத் தவறை மிகத் துல்லியமாக ஆடியில் செதுக்கிக் கொடுத்துவிடுவோம். ஹப்பிளில் நடந்தது இதுவே.

கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரியில் இருந்த பெர்கின் எல்மர் நிறுவனம் இந்த ஆடியைத் தேய்த்தது. அவர்கள் இதற்கென்றே இரண்டு சிறு ஆடிகளும் ஒரு லென்ஸும் கொண்ட புது நல் கரெக்டரைச் செய்தார்கள். அவற்றுக்கு இடையிலான தூரம் மிகச் சரியாக இருக்க வேண்டும். அதை அமைக்க, நீளம் துல்லியமாகத் தெரிந்த உலோகக் கோல்களைப் பயன்படுத்தினார்கள். கோலின் முனையில் சிறு துளையுள்ள ஒரு மூடி இருந்தது. அளக்கும் ஒளி அந்தத் துளை வழியே போய்க் கோலின் நுனியில் பட்டுத் திரும்ப வேண்டும். மூடியில் ஒளி பட்டுத் திரும்பாமல் இருக்க அதன் மேல் பூச்சு பூசியிருந்தார்கள். அந்தப் பூச்சு ஓரிடத்தில் உரிந்திருந்தது. ஒளி நுனிக்குப் போகாமல் அங்கேயே பட்டுத் திரும்பியது. விளைவு, லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டது.

இனிமேல்தான் முக்கியமான பகுதி. பிழை அடுத்தடுத்து மூன்று முறை கண்ணில் பட்டது.

1. லென்ஸ் நகர மறுத்தது. கோல் காட்டிய இடத்துக்கு லென்ஸைக் கொண்டுபோக, அதன் திருகில் போதுமான இடம் இல்லை. வடிவமைத்தவர்கள் அந்த நிலையை எதிர்பார்க்கவே இல்லை என்பதன் அடையாளம் அது. ஆனால் நடுவில் வாஷர்களைச் செருகி லென்ஸை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வேலை தொடர்ந்தது.

2. பொருத்தத்தைச் சோதிக்கும் கருவி கோணலான பட்டைகளைக் காட்டியது. நல் கரெக்டரின் அமைப்பு சரியா என்று பார்க்க, ஆடியைப் போலவே ஒளியைத் திருப்பி அனுப்பும் இன்னொரு கருவி இருந்தது. அதில் பட்டைகள் நேராக வர வேண்டும், வரவில்லை.

3. பழைய வகை நல் கரெக்டரும் அதே பிழையைக் காட்டியது. 1981 மே மாதம், தேய்ப்பு வேலை முடிந்த நிலையில், லென்ஸ்களால் ஆன வேறொரு நல் கரெக்டரைக் கொண்டு ஆடியின் மைய வளைவை அளந்தார்கள். கோளப் பிறழ்ச்சி அதிலும் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டு கருவிகள் ஒரு பக்கம், ஒரு கருவி மறுபக்கம். எதை நம்புவது? அங்கு சொல்லப்பட்ட காரணம் இது: அந்த இரண்டு கருவிகளும் துல்லியம் குறைந்தவை, புதுக் கருவியோ மிகத் துல்லியமானது, எனவே பிழை அந்த இரண்டில்தான் இருக்க வேண்டும்.

இந்தக் காரணத்தில் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் அது அவ்வளவு எளிதாக ஏற்கப்பட்டது. அந்த இரண்டு கருவிகளும் துல்லியம் குறைந்தவைதான். ஆனால் அவை காட்டிய வேறுபாடு, அவற்றின் துல்லியக் குறைவால் விளக்கக்கூடிய அளவைவிட மிகப் பெரியது. மில்லிமீட்டர் மட்டும் காட்டும் சாதாரண அடிக்கோல், ஒரு மைக்ரான் பிழையைக் காட்டாது என்பது சரி. அதே அடிக்கோல் ஒரு சென்டிமீட்டர் பிழையைக் காட்டினால் அதைத் தள்ளிவிட முடியாது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி "எது துல்லியமான கருவி?" என்பதல்ல, "இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வந்தது?" என்பது. அதை எழுத்தில் கேட்டு, பதில் வரும்வரை வேலையை நிறுத்தும் ஏற்பாடு அங்கே இல்லை.

திட்டம் ஏற்கெனவே காலக்கெடுவையும் செலவையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தாமதம் செய்ய யாருக்கும் மனம் வராத நேரத்தில், நிறுத்த வேண்டாம் என்று சொல்லும் விளக்கத்துக்குக் கூடுதல் பலம் கிடைத்துவிடுகிறது.

லூ ஆலன் தலைமையிலான விசாரணைக் குழு 1990 நவம்பரில் இவை அனைத்தையும் வெளியிட்டது. அவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அந்த நல் கரெக்டர் பொருத்தியபடியே தொழிற்கூடத்தில் பத்திரமாக இருந்தது, அளந்து பார்க்க முடிந்தது. முழுத் தொலைநோக்கியையும் தரையில் வைத்து முழுமைச் சோதனை செய்திருந்தால் பிடித்திருக்கலாமே என்ற கேள்வியும் எழுந்தது. மிகத் துல்லியமான சோதனைக்குப் பெரும் செலவாகும் என்று அது முன்பே கைவிடப்பட்டிருந்தது. ஆனால் இந்த அளவுள்ள பிழையைப் பிடிக்க அந்தத் துல்லியம் வேண்டியதே இல்லை, எளிய சோதனை ஒன்று போதும். சிறந்த சோதனைக்குப் பணம் இல்லை என்றதும் எளிய சோதனையும் சேர்ந்தே கைவிடப்பட்டது. என் பார்வையில் ஹப்பிள் கதையில் மற்ற திட்டங்களுக்கு அதிகம் பயன்படும் பகுதி இதுதான்.

1993 டிசம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் போன வீரர்கள் ஐந்து விண்வெளி நடைகளில் திருத்தும் ஒளியியல் கருவிகளைப் பொருத்தினார்கள். பிழை எவ்வளவு என்று மிகச் சரியாகத் தெரிந்ததால் அதற்கு எதிரான திருத்தத்தையும் மிகச் சரியாகச் செய்ய முடிந்தது.

## ஹைகன்ஸ்: பாகம் சரி, முழுமை சரியில்லை

அடுத்தது, விபத்தாக மாறுவதற்குள் பிடிபட்ட பிழை. காசினி விண்கலம் 1997 அக்டோபர் 15 அன்று சனிக் கோளை நோக்கிக் கிளம்பியது. அதன் முதுகில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஹைகன்ஸ் கலம் இருந்தது. சனியின் துணைக்கோளான டைட்டனில் ஹைகன்ஸ் இறங்கும், அது அனுப்பும் தகவல்களை மேலே பறக்கும் காசினி வாங்கிப் பூமிக்கு அனுப்பும். திட்டம் அதுதான்.

இரண்டும் விநாடிக்கு ஐந்தரை கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் ஒன்றையொன்று நெருங்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி உச்சத்தில் கேட்பதும் கடந்த பின் தாழ்வதும் டாப்ளர் விளைவு. ரேடியோ அலைக்கும் இதே கதிதான். அந்த வேகத்தில், ஏறத்தாழ 2 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுமார் 38 கிலோஹெர்ட்ஸ் நகரும். காசினியில் இருந்த ரேடியோ வாங்கியை (ரிசீவரை) வடிவமைத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நகர்ந்த அலையைத் தேடிப் பிடிக்க வசதி வைத்திருந்தார்கள்.

விட்டுப்போனது வேறு. டாப்ளர் விளைவு தகவலைச் சுமந்துவரும் அலையை மட்டும் மாற்றாது, அதன் மேல் ஏறிவரும் தகவலின் வேகத்தையும் அதே விகிதத்தில் மாற்றும். ஹைகன்ஸ் விநாடிக்கு 8,192 பிட் அனுப்பும். அதில் வரும் மாற்றம் விநாடிக்கு ஒரு பிட்டில் ஏழில் ஒரு பங்கு அளவே. இவ்வளவு சின்ன மாற்றத்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் எந்தப் பிட் எங்கே தொடங்குகிறது என்று கணிக்கும் பகுதி மிகக் குறுகிய எல்லைக்குள் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டிருந்தது. அந்தச் சின்ன மாற்றமே அதன் எல்லையைத் தாண்டியது. அலை கிடைக்கும், தகவல் சிதறிவிடும்.

கிளம்பும் முன் முழுமைச் சோதனை செய்திருந்தால் இது தெரிந்திருக்கும். அதைச் செய்யச் சில பாகங்களைக் கழற்ற வேண்டும், கழற்றினால் மறுபடி சான்று வாங்க வேண்டும். அதனால் செய்யவில்லை. தனித்தனிப் பாகங்கள் அவற்றின் சோதனைகளில் தேறியிருந்தன.

2000 பிப்ரவரியில், கலம் பாதி வழியில் இருந்தபோது ஒரு சோதனை திட்டமிடப்பட்டது. பூமியிலிருந்து ஹைகன்ஸ் அனுப்புவது போன்ற அலையைக் காசினிக்கு அனுப்பி, அது வாங்குகிறதா என்று பார்ப்பது. அலை கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும் என்ற கருத்து இருந்தது. ஐரோப்பிய நிறுவனத்தின் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் போரிஸ் ஸ்மெட்ஸ் அதை ஏற்கவில்லை. உண்மையான தகவல் போன்ற ஒன்றை ஏற்றி, உண்மையில் வரப்போகும் டாப்ளர் மாற்றத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தினார். கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனாவிலிருந்து அப்படியே அனுப்பப்பட்டது. அலை கிடைத்தது, தகவல் சிதறியது.

வாங்கியின் அந்த அமைப்பை வானில் வைத்து மாற்ற வழியில்லை. எனவே காசினியின் பாதையையே மாற்றினார்கள். டைட்டனுக்கு 1,200 கிலோமீட்டர் அருகில் போவதற்குப் பதிலாகச் சுமார் 60,000 கிலோமீட்டர் தள்ளிப் போனால், நெருங்கும் வேகம் குறையும், டாப்ளர் மாற்றமும் குறையும். இறங்கும் நாள் 2004 நவம்பரிலிருந்து 2005 ஜனவரி 14-க்குத் தள்ளிப்போனது. ஹைகன்ஸ் இறங்கியது, தகவல் வந்தது.

ஆனாலும் அன்றைக்கே இன்னொரு பிழை வெளிப்பட்டது. ஹைகன்ஸுக்கு ஏ, பி என்று இரண்டு தகவல் வழிகள். ஏ வழிக்கான வாங்கியை முழுமையாக இயக்கும் கட்டளை, காசினிக்கு அனுப்பிய கட்டளைத் தொகுப்பில் விடுபட்டிருந்தது. அந்த வழியில் வந்த எல்லாமே போயிற்று. சுமார் 700 படங்களில் பாதி கிடைக்கவில்லை. ஏ வழியில் மட்டும் போன காற்றின் வேக ஆய்வுத் தகவலை, பூமியில் இருந்த ரேடியோ தொலைநோக்கிகள் நேரடியாக ஹைகன்ஸின் அலையைப் பிடித்துக் காப்பாற்றின. மிகச் சிக்கலான பிழையைத் தீர்க்க ஆண்டுக்கணக்கில் கவனம் குவிந்த இடத்தில், ஒரு எளிய கட்டளை விடுபட்டது.

1996 ஜூன் 4 அன்று கிளம்பிய சுமார் 40 விநாடியில் வெடித்துச் சிதறிய ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டும் இதே வகைதான். ஏரியான் 4-ல் பிரமாதமாக வேலை செய்த வழிகாட்டு மென்பொருளை அப்படியே எடுத்துவந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம், ஓர் எண் அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் போயிற்று. புதிய ராக்கெட்டின் பாதையைக் கொடுத்து அந்தக் கருவியை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை.

## "போன தடவை ஒன்றும் ஆகவில்லையே"

மூன்றாவது வகை விளக்கத்தில் உயிர்கள் போயின.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் ஏழு பேரோடு சிதறியது. பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, சூடான வாயுவைக் கசியவிட்டது. ஓ-ரிங்குகள் அரிபடுவது 1981-லேயே, இரண்டாவது பயணத்திலேயே தெரிந்தது. அவை அரிபடவே கூடாது என்பதுதான் வடிவமைப்பு. ஆனால் அரிபட்டும் பயணம் நல்லபடியாக முடிந்தது. அடுத்த முறையும் அப்படியே. மெல்ல மெல்ல, "அரிபடக் கூடாது" என்பது "இவ்வளவு அரிபட்டால் பரவாயில்லை" என்று ஆனது. சமூகவியலாளர் டயான் வான் இதை விலகல் இயல்பாகிப் போவது என்று விளக்கினார். யாரும் விதியை மீறவில்லை. ஒவ்வொரு படியிலும் முறைப்படி கூடிப் பேசி, எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்கள்.

இதில் கணக்குப் பிழை ஒன்றும் உண்டு, அதைத் தனியே கவனிக்க வேண்டும். குளிருக்கும் பழுதுக்கும் தொடர்பு உண்டா என்று முதல்நாள் இரவு பேசியபோது, பழுது வந்த பயணங்களைப் பற்றித்தான் பேச்சு நடந்தது. அவற்றில் வெப்பமான நாள்களும் இருந்தன, குளிர்ந்த நாள்களும் இருந்தன. தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. பழுதே வராத பயணங்களையும் சேர்த்திருந்தால் படம் மாறியிருக்கும். விசாரணை ஆணையம் அப்படிச் சேர்த்துப் பார்த்தது. சுமார் 19 டிகிரி செல்சியஸுக்கு மேல் நடந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே பழுது. அதற்குக் கீழே நடந்த நான்கு பயணங்களிலும் பழுது. விபத்து நடந்த காலையில் வெப்பநிலை 2 டிகிரி.

பதினேழு ஆண்டுகள் கழித்து அதே அமைப்பில் அதே விளக்கம் மறுபடி வந்தது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா கிளம்பிய 82-வது விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைப்பொருள் துண்டு இடது இறக்கையில் மோதியது. நம் கல்பனா சாவ்லா அந்தப் பயணத்தில் இருந்தார். விண்ணோடத்தின் மீது எதுவும் மோதக் கூடாது என்பது வடிவமைப்பு விதி. ஆனால் படம் கிடைத்த பயணங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் நுரை பிய்ந்திருந்தது. மூன்று மாதங்களுக்கு முன்புகூட, 2002 அக்டோபரில், தொட்டியின் அதே பகுதியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து பக்கவாட்டு ராக்கெட்டில் மோதியது. அதன் பிறகும் பயணங்கள் தொடர்ந்தன. கொலம்பியாவின் இறக்கையைச் செயற்கைக்கோள் கொண்டு படமெடுக்கச் சொல்லிப் பொறியாளர்கள் கேட்டார்கள். அது நடக்கவில்லை. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். ஜூலையில், நுரைத் துண்டை அதே வேகத்தில் இறக்கை முனையின் மேல் ஏவிச் சோதித்தபோது சுமார் 40 சென்டிமீட்டர் அகல ஓட்டை விழுந்தது.

ஒரு பிழை பல முறை தீங்கு செய்யாமல் போனால் அது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. எவ்வளவு முறை தப்பித்தோம் என்ற கணக்கு மட்டுமே அது.

## வாய்ச் சொல்லாகப் போன எச்சரிக்கை

செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்தது. ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டில் கொடுத்தது, வாங்கிய மென்பொருள் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வேறுபாடு. 226 கிலோமீட்டர் உயரத்தில் கடக்க வேண்டிய கலம் 57 கிலோமீட்டரில் வளிமண்டலத்துக்குள் புகுந்தது. அலகு மாறிய கதை எல்லோருக்கும் தெரியும்.

அதிகம் பேசப்படாதது வேறு. பாதையைக் கணித்தவர்கள் எண்கள் ஒத்துவரவில்லை என்று பல மாதங்களுக்கு முன்பே கவனித்தார்கள். அதை மின்னஞ்சலிலும் பேச்சிலும் சொன்னார்கள். ஆனால் முறையான பழுதுப் பதிவேட்டில் ஏற்றவில்லை. பதிவேட்டில் ஏறாத பிரச்சினைக்குப் பொறுப்பாளர் கிடையாது, முடிக்க வேண்டிய தேதி கிடையாது. முழு விவரம் கையில் இல்லாதபோது எழுதிக் கொடுக்கத் தயக்கம் வருவது இயல்பு. ஆனால் பதிவேடு இருப்பதே விவரம் முழுதாகத் தெரியாத நிலையில் எழுதிவைக்கத்தான்.

## என்ன மாறியது, என்ன செய்ய முடிகிறது

இவற்றிலிருந்து கற்றுக்கொண்டு நடைமுறைக்கு வந்தவை சில உண்டு.

1. ஒத்துவராத அளவைத் தனியாக ஒருவர் முடித்துவைக்க வேண்டும். "அந்தக் கருவி சரியில்லை" என்பது முடிவு அல்ல. கருவியில் என்ன சரியில்லை, அதனால் இவ்வளவு வேறுபாடு வருமா என்று எண்ணால் காட்டினால்தான் கோப்பை மூடலாம்.

2. முழுமைச் சோதனைக்குப் பட்ஜெட்டில் தொடக்கத்திலேயே இடம் வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பல முறை தாமதமானதற்கு மக்கள் சலித்துக்கொண்டார்கள். ஆனால் 2017-ல் ஹூஸ்டனில் உள்ள பெரிய வெற்றிடக் கூடத்தில், அதன் ஆடிகளையும் கருவிகளையும் ஒன்றாகப் பொருத்திக் கடுங்குளிரில் ஏறத்தாழ நூறு நாள் சோதித்தார்கள். நடுவில் ஹார்வி புயல் நகரையே மூழ்கடித்தது, சோதனை நிற்கவில்லை. ஹப்பிளைப் போல ஆள் போய்ப் பழுது பார்க்க முடியாத 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்குப் போகும் கருவி அது.

3. சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்ற உறுதி வேண்டும். அமெரிக்க விமானத் துறையில் 1976 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தப்பித்த ஆபத்துகளைப் பெயர் வெளியே வராமல் எழுதி அனுப்பலாம். அவற்றை வாங்குவது தண்டிக்கும் அதிகாரமுள்ள விமானத் துறை அல்ல, நாசா. அந்த ஒரு பிரிப்புதான் ஆள்கள் துணிந்து எழுதக் காரணம்.

4. எதுவும் நடக்காத நாள்களின் தரவையும் சேர்க்க வேண்டும். ஓ-ரிங் கணக்கு சொன்னது இது. பழுது வந்தவற்றை மட்டும் பார்த்தால் காரணம் தெரியாது.

## சந்திரயான்: கற்றதும், வெளியே வராததும்

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான் 2-ன் விக்ரம் லேண்டர் நிலவில் மோதியது. முதல் கட்டத்தில் 30 கிலோமீட்டரிலிருந்து 7.4 கிலோமீட்டர் உயரம்வரை இறங்கி, விநாடிக்கு 1,683 மீட்டர் வேகம் 146 மீட்டராகக் குறைந்தது. அதுவரை எல்லாம் சரி. இரண்டாம் கட்டத்தில் வேகம் குறைந்த அளவு வடிவமைத்ததைவிட அதிகம், அந்த வேறுபாட்டைச் சமாளிக்க முடியவில்லை என்று அந்த ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத்தில் பதில் தரப்பட்டது.

இன்னும் விரிவான விளக்கம் 2023 ஜூலையில்தான், அடுத்த கலம் கிளம்பும் வேளையில், அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் வாயிலாக வந்தது. எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்தன. படமெடுப்பதற்காகக் கலம் நிலையாக இருக்க வேண்டிய நேரத்தில் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, அவற்றை உடனே திருத்த முடியவில்லை. பிறகு வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, ஆனால் திரும்பும் வேகத்துக்கு மென்பொருளில் வரம்பு இருந்தது. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். இவற்றில் எதுவும் தனியாகக் கலத்தைக் கவிழ்த்திருக்காது. பாகம் சரி, முழுமை சரியில்லை என்ற அதே வகை.

விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3-ல், எது சரியாக நடக்கும் என்பதற்குப் பதிலாக எது எது தவறாகலாம் என்பதிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கினார்கள். இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டராக விரிந்தது. நடுவில் இருந்த ஐந்தாவது எஞ்சின் எடுக்கப்பட்டது. தரையோடு ஒப்பிட்டு வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி சேர்ந்தது, அதாவது சார்பற்ற சரிபார்ப்பு ஒன்று. விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்கும்படி கால்கள் வலுவாக்கப்பட்டன. 2023 ஆகஸ்ட் 23 அன்று கலம் இறங்கியது.

இஸ்ரோவுக்குள் பாடம் படிக்கப்பட்டது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் சந்திரயான் 2 தோல்வி ஆய்வுக் குழுவின் முழு அறிக்கை பொதுவெளிக்கு வரவில்லை. ஹப்பிளின் வாஷர்கள் பற்றியும், மூடியில் உரிந்த பூச்சைப் பற்றியும் இன்று நாம் பேச முடிவதற்குக் காரணம், ஆலன் குழு அவற்றைப் பெயர் சொல்லி, படம் போட்டு வெளியிட்டதுதான். கொலம்பியா விசாரணையும் அப்படியே வெளியானது. சென்னையிலோ கோவையிலோ சிறு செயற்கைக்கோள் செய்யும் இளைஞர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். உந்துவிசை கூடினால் என்ன ஆகும், பிழைகள் எப்படிச் சேர்கின்றன என்று அவர்கள் அமெரிக்க, ஐரோப்பிய அறிக்கைகளைப் படித்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் பணத்தில் நம் பொறியாளர்கள் பெற்ற அனுபவம் நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு பேட்டியில் சில வரிகளாக மட்டும் வந்தால் போதாது. பாதுகாப்பு ரகசியம் உள்ள பக்கங்களை நீக்கிவிட்டு, மீதி அறிக்கையை வெளியிட வேண்டும்.